மிராவின்ஸ்கி: ஐம்பது வருடம், ஒரே இசைக்குழு

சிம்பொனி இசை கேட்க ஆரம்பித்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ரஷ்ய இசை நடத்துனர்கள் என்றாலே மிராவின்ஸ்கியின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஒரே ஊரில், ஒரே குழுவோடு இருந்தவர் எப்படி உலகப் பெயர் வாங்கினார்? சோவியத் அரசு தூக்கிவிட்ட ஆளா? எந்தப் பதிவிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?"

மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அவர் பெயர் வாங்கியதற்குக் காரணமே ஒரே ஊரில், ஒரே குழுவோடு இருந்ததுதான் என்பது என் முடிவு. யெவ்கேனி மிராவின்ஸ்கி 1938-லிருந்து 1988-ல் இறக்கும்வரை லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமை நடத்துனர். இன்று ஒரு பெரிய நடத்துனர் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குழுக்களுக்குப் பொறுப்பாக இருப்பார். ஒரு வாரம் பெர்லின், அடுத்த வாரம் நியூயார்க். இரண்டு மூன்று ஒத்திகை, அப்புறம் கச்சேரி, அப்புறம் விமானம். மிராவின்ஸ்கிக்கு அந்த வாழ்க்கை கிடைக்கவும் இல்லை, அதை அவர் தேடிப் போகவும் இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒத்திகை நேரம். கேட்கிற அளவு நேரம். அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு.

அவர் பிறந்தது 1903 ஜூன் 4, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், பிரபு வம்சத்துக் குடும்பத்தில். அப்பா சட்டம் படித்தவர். அப்பாவின் சகோதரி யெவ்கேனியா மிராவினா, மரின்ஸ்கி ஓபராவின் புகழ்பெற்ற சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகி. இன்னொரு அத்தை உறவு ஆச்சரியமானது: போல்ஷெவிக் தலைவர்களில் ஒருவரும் பின்னாளில் சோவியத் தூதருமான அலெக்ஸாண்ட்ரா கொல்லோன்தாய், அப்பாவுக்குத் தாய் வழியில் சகோதரி. புரட்சியில் எல்லாம் போய்விட்ட வீட்டுக்கும் புரட்சியை நடத்தியவர்களுக்கும் இடையில் இப்படி ஒரு ரத்த உறவு.

1918-ல் அப்பா இறந்தார். பையனுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. அம்மாவைக் காப்பாற்ற மரின்ஸ்கி நாடக அரங்கில் வேலைக்குப் போனான். பாடுகிற வேலை இல்லை, கருவி வாசிக்கிற வேலையும் இல்லை. மேடையில் கூட்டத்தில் ஒருவராக, வசனம் இல்லாமல் வந்து போகிற துணை நடிகர் வேலை. பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படிக்கச் சேர்ந்தார். அரங்க வேலையையும் படிப்பையும் சேர்த்து இழுக்க முடியாமல் படிப்பை விட்டார். (செடிகொடி, பறவைகள் மேலிருந்த பிரியம் மட்டும் கடைசிவரை போகவில்லை.) அப்புறம் பாலே பள்ளியில் பியானோ வாசிக்கிற வேலை. குழந்தைகள் ஆடிப் பழக, இவர் வாசிக்க வேண்டும். 1924-ல் லெனின்கிராட் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. இசைக்காரர்கள் கணக்கில் அது தாமதம்தான். முதலில் இசையமைப்புப் படிப்பு, அப்புறம் நிகோலாய் மால்கோவிடம் நடத்துனர் படிப்பு. மால்கோ நாட்டை விட்டுப் போனதும் அலெக்ஸாண்டர் காவுக்கிடம் தொடர்ந்தார். 1931-ல் படிப்பு முடிந்தது.

அடுத்த ஆறு வருடம் அவர் பாலே நடத்துனர். மரின்ஸ்கிக்கு கிரோவ் அரங்கம் என்று பெயர் மாறியது அந்தக் காலத்தில்தான். இசையமைப்பாளர் அசாஃபியேவின் 'பக்சிசராய் நீரூற்று' பாலேயின் முதல் நிகழ்ச்சியை 1934-ல் நடத்தியவர் இவர். இந்த ஆறு வருடத்தைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் அப்படித் தாண்ட மாட்டேன். பாலேயில் நடத்துனர் தன் இஷ்டத்துக்கு வேகம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மேலே ஒருத்தி காற்றில் இருக்கிறாள், கால் தரையில் படும்போது தாளம் அங்கே இருந்தாக வேண்டும். மிராவின்ஸ்கி நடத்திய சாய்கோவ்ஸ்கியின் இசையில் எவ்வளவு ஆவேசமான இடத்திலும் தாளம் கலையாமல் கூர்மையாக நிற்கும். அந்த ஒழுங்கு இங்கே வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1937-க்கு வருவோம். அவர் பெயர் வெளியே தெரிய வந்தது அந்த வருடம் நவம்பர் 21 அன்று.

அந்த இரவின் எடை புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கதை தெரிய வேண்டும். 1936 ஜனவரியில் ஸ்டாலின் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஒரு ஓபராவைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து கட்சியின் 'பிராவ்தா' பத்திரிகை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. இது இசையே இல்லை, குழப்பம் என்றது. அந்தக் காலத்தில் அப்படி எழுதப்பட்டவர் அடுத்து வேலையை இழக்கலாம், கைதாகலாம், காணாமலே போகலாம். ஷோஸ்டகோவிச் தன் நான்காவது சிம்பொனியை ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்ப வாங்கிக்கொண்டார். அவருக்குப் பக்கபலமாக இருந்த தளபதி துகச்செவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதங்களில்தான் ஐந்தாவது சிம்பொனியை அவர் எழுதி முடித்தார். இந்த ஒரு படைப்பு தோற்றால் அவர் கதை என்னவாகியிருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை நடத்தும் பொறுப்பு பெரிய பெயர் எதுவும் இல்லாத முப்பத்து நான்கு வயது பாலே நடத்துனரிடம் வந்தது.

ஒத்திகைக்கு முன் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மிராவின்ஸ்கி ஒவ்வொரு அளவையும் (இசைப்பிரதியில் கோடு போட்டுப் பிரித்த சின்னத் தாளக் கட்டம்) துருவித் துருவிக் கேட்டார். இங்கே என்ன வேகம், இங்கே ஏன் இந்தக் கருவி, இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று. ஷோஸ்டகோவிச் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அப்போது மிராவின்ஸ்கி ஒரு தந்திரம் செய்தார். அவரே பின்னால் சொன்னது இது. பியானோவில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பான வேகத்தில் வாசிப்பார். ஷோஸ்டகோவிச்சுக்குப் பொறுக்காது. கோபத்தோடு நிறுத்தி, சரியான வேகத்தை வாசித்துக் காட்டுவார். இவர் குறித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் ஷோஸ்டகோவிச்சுக்குத் தந்திரம் பிடிபட்டுவிட்டது, அதற்கப்புறம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். இந்த நுணுக்க விசாரணை முதலில் தனக்குக் கலக்கமாக இருந்தது என்று ஷோஸ்டகோவிச்சும் எழுதியிருக்கிறார். நடத்துனர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் ஒத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் கைதட்டல் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது என்கிறார்கள் அங்கே இருந்தவர்கள். மூன்றாம் பகுதி நடக்கும்போதே பலர் அழுதார்கள். அந்த வருடம் லெனின்கிராடில் யார் வீட்டில்தான் இழவு இல்லை? மிராவின்ஸ்கி இசைப்பிரதியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இந்தக் கைதட்டல் எனக்கில்லை, குழுவுக்கில்லை, இதை எழுதியவருக்கு என்று காட்டுவதற்காக. சபிக்கப்பட்ட ஒருவரின் படைப்பை அந்த வருடத்தில் அப்படித் தூக்கிக் காட்ட தைரியம் வேண்டும்.

அடுத்த வருடம் மாஸ்கோவில் முதல் அனைத்து சோவியத் நடத்துனர் போட்டி நடந்தது. முதல் பரிசு இவருக்கு. அதே சூட்டில் லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைப் பொறுப்பும் வந்தது. 1882-ல் ஜார் மன்னரின் அரசவைக் குழுவாகத் தொடங்கியது அது. அவர்கள் வாசிக்கும் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபம், பழைய பிரபுக்கள் சபைக் கட்டடம். சாய்கோவ்ஸ்கி தன் ஆறாவது சிம்பொனியை 1893 அக்டோபரில் முதன்முதலாக நடத்தியது அந்த மண்டபத்தில்தான். ஒன்பது நாள் கழித்து அவர் இறந்துபோனார். மிராவின்ஸ்கி தன் மீதி வாழ்நாளைக் கழித்தது இந்த மண்டபத்தில்.

போர்க்காலத்தைப் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது, அதைத் தீர்த்துவிடுகிறேன். ஜெர்மன் படைகளின் முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் 1942 ஆகஸ்ட் 9 அன்று ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி வாசிக்கப்பட்டது பெரிய வரலாறு. அதை நடத்தியவர் மிராவின்ஸ்கி இல்லை. கார்ல் எலியாஸ்பர்க், வானொலிக் குழுவின் நடத்துனர். குழுவில் உயிரோடு மிச்சமிருந்தவர்களையும், முன்னணியிலிருந்து அனுப்பப்பட்ட ராணுவ வாத்தியக்காரர்களையும் சேர்த்து அவர் அதைச் செய்தார். மிராவின்ஸ்கியும் அவருடைய குழுவும் 1941-லேயே சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 1942 ஜூலையில் அங்கே ஷோஸ்டகோவிச்சை வைத்துக்கொண்டே ஏழாவதை வாசித்தார்கள். எலியாஸ்பர்க்குக்குப் போருக்குப் பிறகு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். மிராவின்ஸ்கியைப் புகழும்போது அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1943-ல் எட்டாவது சிம்பொனி. ஷோஸ்டகோவிச் அதை மிராவின்ஸ்கிக்கே காணிக்கையாக்கினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஐந்து பகுதிகள், நவம்பர் 4 அன்று மாஸ்கோவில் முதல் நிகழ்ச்சி. அதன் ஒத்திகையில் நடந்த ஒரு விஷயத்தை மிராவின்ஸ்கி பிற்பாடு வியந்து சொல்வார். முதல் பகுதியில் குழு முழுவதும் உச்சத்தில் அலறும் இடத்தில் இங்கிலீஷ் ஹார்ன் (ஓபோ வகைக் குழல் கருவி) மிக உயரமான ஸ்வரங்களை வாசிக்க வேண்டும். மற்ற கருவிகளும் அதே ஸ்வரத்தை வாசிப்பதால் அது தனியாகக் கேட்காது. உடனே அடுத்து அந்த வாசிப்பாளருக்கு நீண்ட தனி இசை வருகிறது. உதட்டை அதற்காகச் சேமித்து வைக்க, மனிதர் உச்சத்தில் வருவதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்துவிட்டார். அந்த இரைச்சலில் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று மிராவின்ஸ்கியே சொல்கிறார். பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்த ஷோஸ்டகோவிச்சின் குரல் வந்தது: இங்கிலீஷ் ஹார்ன் ஏன் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறது? குழு வாசிப்பை நிறுத்தியது, அடுத்த நொடி எல்லாரும் கைதட்டினார்கள். அப்படிப்பட்ட காதுக்கு முன்னால்தான் மிராவின்ஸ்கி வருடக்கணக்கில் வேலை செய்தார்.

1947 இலையுதிர்காலம் இன்னொரு விதமான சோதனை. அக்டோபர் 11 அன்று புரோகோஃபியேவின் ஆறாவது சிம்பொனியை அவர் முதன்முதலாக நடத்தினார். டிசம்பரில் கச்சத்தூரியனின் மூன்றாவது, கூடுதலாகப் பதினைந்து டிரம்பெட்டுகளும் ஒரு ஆர்கனும் சேர்ந்த படைப்பு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1948 பிப்ரவரியில் கட்சியின் தீர்மானம் வந்தது. ஷோஸ்டகோவிச், புரோகோஃபியேவ், கச்சத்தூரியன் மூவரும் மக்களுக்கு அந்நியமான இசை எழுதுகிறவர்கள் என்று பட்டியலில் ஏறினார்கள். எட்டாவது சிம்பொனியும் புரோகோஃபியேவின் ஆறாவதும் மேடையிலிருந்து மறைந்தன. நிலைமை தளர்ந்த பிறகு இரண்டையும் மிராவின்ஸ்கி திரும்ப எடுத்து வாசித்தார், பதிவும் செய்தார். எட்டாவதைக் கடைசிக் காலம்வரை விடவில்லை.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். டிசம்பர் 17 அன்று ஷோஸ்டகோவிச்சின் பத்தாவது சிம்பொனி, மிராவின்ஸ்கி. பல வருடம் மேசைக்குள் கிடந்த முதல் வயலின் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1955-ல் வெளியே வந்தபோது வயலின் டேவிட் ஓய்ஸ்ட்ராக், நடத்தியவர் மிராவின்ஸ்கி. 1959-ல் முதல் செல்லோ கான்செர்ட்டோ ரோஸ்ட்ரோபோவிச்சோடு. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து என்று ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனிகள் வரிசையாக அவர் கையால் உலகத்துக்கு வந்தன.

சரி, அவர் எப்படி வேலை செய்தார்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நடத்துனர் மேடையில் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. அவருடைய வேலையில் பெரும்பங்கு ஒத்திகையில் முடிந்துவிடுகிறது, மேடையில் கேட்பது அதன் விளைவு. மிராவின்ஸ்கி சாய்கோவ்ஸ்கியின் ஐந்தாவது சிம்பொனியை வாழ்நாள் முழுவதும் நடத்தினார். அந்தக் குழுவுக்கு அது மனப்பாடம். இருந்தும் ஒவ்வொரு முறையும், முதல் முறை வாசிக்கப்போவதைப் போல, தொடக்கத்திலிருந்து ஒத்திகை. இசைப்பிரதியை மறுபடி வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வருவார். குழுவில் சிலருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். அவர் ஒத்திகைகளைப் படம் பிடித்த கருப்பு வெள்ளைத் துண்டுகள் இருக்கின்றன. உயரமான, ஒல்லியான மனிதர், கூர்மையான முகம். உட்கார்ந்தபடி, குரலை உயர்த்தாமல் பேசுகிறார். நாலே அளவுகள். திரும்ப. திரும்ப. இரண்டாம் வயலின்கள் மட்டும். இப்போது அவற்றோடு கிளாரினெட். அவருக்குத் திருப்தி என்பதைக் காட்ட ஒரு சின்னத் தலையசைப்பு, அவ்வளவுதான்.

கச்சேரி மேடையில் அவர் கை அசைவு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. பிற்காலத்தில் நடத்துனர் கையில் பிடிக்கும் கோலைக்கூட விட்டுவிட்டார். உட்கார்ந்தபடி வெறும் விரல், பார்வை. மொத்தக் குழுவும் பொங்கி எழும் இடத்தில் அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறாது. கையை வீசி ஆடுகிற நடத்துனர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எல்லாம் ஒத்திகையில் பேசி முடித்தாயிற்று, இப்போது நினைவூட்டினால் போதும்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று: ப்ரூக்னரின் ஏழாவது சிம்பொனிக்குக் கடைசி ஒத்திகை அவ்வளவு நன்றாக வந்துவிட்டதாம், இதை மறுபடி எட்ட முடியாது என்று கச்சேரியையே ரத்து செய்துவிட்டாராம். மெருகேறிய கதையாகக்கூட இருக்கலாம். இப்படி ஒரு கதையை அவரோடு மட்டும்தான் பொருத்திச் சொல்ல முடியும்.

இதன் பலன் காதில் எப்படித் தெரிகிறது? முதலில் தந்திக் கருவிகள். முதல் வயலின்களை இடது பக்கமும் இரண்டாம் வயலின்களை வலது பக்கமும் எதிரெதிராக உட்கார வைத்தார். இது பழைய முறை, அந்தக் காலத்தில் பல ஊர்களில் கைவிடப்பட்டிருந்தது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று இசை மேடையின் குறுக்கே நடப்பது இதனால் தெளிவாகக் கேட்கும். எவ்வளவு வேகமாகப் போனாலும் முப்பது பேர் வில்லும் ஒரே வில்லாக ஓடும். அப்புறம் மென்மை. சத்தமாக வாசிக்க எந்தக் குழுவாலும் முடியும். கேட்குமா கேட்காதா என்ற எல்லையில், அதே சமயம் உடையாமல், ஒரு முழுக் குழுவும் வாசிப்பது வேறு. ஷோஸ்டகோவிச்சின் எட்டாவதின் கடைசி நிமிடங்களில் இதைக் கேட்கலாம். மூன்றாவது, பித்தளைக் கருவிகள். ரஷ்யாவின் ஹார்ன்களும் டிராம்போன்களும் லேசாக அதிரும் தொனியோடு, கிட்டத்தட்டப் பாடுகிற குரலைப் போல ஒலிக்கும். உச்சத்தில் வாள் வீச்சு மாதிரி வெட்டும். குழுவின் முதல் ஹார்ன் வித்தாலி புயானோவ்ஸ்கி உலகத் தரமான கலைஞர். ஜெர்மன், ஆங்கிலேயக் குழுக்களின் உருண்டையான ஒலிக்குப் பழகிய காதுகளுக்கு இந்த ஒலி முதலில் முரடாகப் படலாம். கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

இனி, கசப்பான விஷயம். 1962-ல் ஷோஸ்டகோவிச் தன் பதின்மூன்றாவது சிம்பொனியை எழுதினார். பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததைப் பற்றியும், சோவியத் நாட்டிலேயே யூத வெறுப்பு இருப்பதைப் பற்றியும் யெவ்துஷென்கோ எழுதிய கவிதை அதன் முதல் பகுதி. வழக்கம்போல மிராவின்ஸ்கியிடம் கொண்டுபோனார். மிராவின்ஸ்கி நடத்தவில்லை. மாஸ்கோவில் கிரில் கோந்த்ராஷின் ஏற்றுக்கொண்டு, மேலிடத்து நெருக்கடிகளுக்கு நடுவில், டிசம்பர் 18 அன்று நடத்திக் காட்டினார். பாடுவதாக இருந்தவர் கடைசி நேரத்தில் இல்லாமல் போக, மாற்றாகத் தயாராக இருந்த பாடகர் பாடினார்.

மிராவின்ஸ்கி ஏன் பின்வாங்கினார் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. குரலிசைப் படைப்புகளை அவர் அரிதாகவே நடத்துவார். அந்தக் காலத்தில் அவர் மனைவி இன்னா கடுமையாக நோயுற்றிருந்தார், 1964-ல் இறந்தும் போனார். பயந்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றுமே சேர்ந்திருக்கலாம். ஷோஸ்டகோவிச்சுக்கு அது ஆழமான காயம். அந்த உறவு முன்போல ஆகவில்லை. பத்து வருடம் கழித்து, 1972-ல், பதினைந்தாவது சிம்பொனியை லெனின்கிராடில் மிராவின்ஸ்கி நடத்தினார் என்பது கொஞ்சம் ஆறுதல். என் அபிப்பிராயம்: 1937-ல் இசைப்பிரதியைத் தலைக்கு மேல் தூக்கியவர் 1962-ல் நண்பரோடு நின்றிருக்க வேண்டும். மனைவியின் நோய்ப் படுக்கை அருகே இருந்தவரைப் பார்த்து கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் நினைக்கிறேன்.

அரசாங்கத்தின் ஆளா என்ற கேள்விக்கு வருகிறேன். விருதுகளை மட்டும் பார்த்தால் ஆம் என்றுதான் தோன்றும். ஸ்டாலின் பரிசு, 1961-ல் லெனின் பரிசு, 1973-ல் சோசலிச உழைப்பு வீரர் பட்டம். சோவியத் அரசு கொடுக்கக்கூடிய உயர்ந்த கௌரவங்கள் எல்லாம் வந்தன. மறுபக்கத்தையும் பாருங்கள். கட்சியில் அவர் சேரவே இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கையை மனதுக்குள் வைத்துக் காத்தவர். பிரபு வம்சத்துப் பிள்ளை என்பதை மறைத்துப் பணிவு காட்டியவரும் இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு அரசுக்கு இந்தக் குழு தேவைப்பட்டது. இவருக்கு ஒத்திகை நேரமும், நல்ல வாத்தியக்காரர்களும், தொந்தரவில்லாத மண்டபமும் தேவைப்பட்டன. அந்தக் கொடுக்கல் வாங்கலில் அவர் தன் பங்கை முழுவதும் இசையில் செலவழித்தார். அந்த அமைப்பு இல்லாவிட்டால் ஒரே சிம்பொனிக்கு அத்தனை ஒத்திகை எந்த நாட்டிலும் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியே டிக்கெட் விற்றாக வேண்டிய குழுக்களால் அதைத் தாங்க முடியாது.

வெளியுலகம் அவரைச் சரியாகக் கேட்டது 1956-க்குப் பிறகுதான், குழு மேற்கு ஐரோப்பாவுக்குப் பயணம் போகத் தொடங்கியபோது. 1960-ல் நடந்த பயணம் முக்கியம். செப்டம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது சிம்பொனியை நடத்தினார், பிபிசி பதிவு இருக்கிறது. அதே பயணத்தில் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக சாய்கோவ்ஸ்கியின் நான்காவதை லண்டனிலும், ஐந்தாவதையும் ஆறாவதையும் வியன்னாவிலும் பதிவு செய்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மூன்றும் கடையிலிருந்து இறங்கவில்லை. 1973-ல் ஜப்பான். அங்கே அவருக்குக் கிடைத்த ரசிகர் கூட்டம் இன்றும் குறையவில்லை, பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து வெளியிடுவதில் ஜப்பானியர்களின் பங்கு பெரிது.

அவருக்குத் துணை நடத்துனர்களாக இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதரான குர்ட் சாண்டர்லிங் 1960வரை அங்கே இருந்தார், பிறகு கிழக்கு பெர்லின் போனார். லாட்வியாவின் அர்விட் யான்சன்ஸ், அப்புறம் அவர் மகன் மாரிஸ் யான்சன்ஸ். அந்த மாரிஸ்தான் பின்னாளில் ஆம்ஸ்டர்டாம், மியூனிக் குழுக்களின் தலைவரானார். ஒத்திகையில் துல்லியத்தை வற்புறுத்துகிற பழக்கத்தை எங்கே கற்றார் என்று கேட்கவே வேண்டாம். மிராவின்ஸ்கிக்குப் பின் 1988-ல் குழுவின் தலைமைக்கு வந்தவர் யூரி தெமிர்கானோவ். அவர் பாணி முற்றிலும் வேறு, தளர்வான, சுதந்திரமான பாணி.

பிற்காலத்தில் மிராவின்ஸ்கியின் கச்சேரிகள் வருடத்துக்கு வருடம் அருகின. எடுத்துக்கொண்ட படைப்புகளும் குறைந்தன: சாய்கோவ்ஸ்கி, ஷோஸ்டகோவிச், ப்ராம்ஸ், பீத்தோவன், ஷூபர்ட், வாக்னர், ப்ரூக்னர். இதை வைத்து அவரைக் குறுகியவர் என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. 1965 பிப்ரவரியில் மாஸ்கோவில் தொடர்ந்து கொடுத்த கச்சேரிகளில் பார்டோக், ஹிண்டமித், ஹானெகர், ஸ்ட்ராவின்ஸ்கி, சிபேலியஸ், டெபுஸி எல்லாரும் இருக்கிறார்கள். சோவியத் நாட்டில் அந்தக் காலத்தில் அது துணிச்சலான தேர்வு. குரலிசை மட்டும் அவர் உலகத்தில் பெரிதாக இல்லை, அது இழப்புதான்.

1987 மார்ச் 6 அன்று கடைசிக் கச்சேரி, ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனியும் ப்ராம்ஸின் நான்காவதும். 1988 ஜனவரி 19 அன்று லெனின்கிராடில் இறந்தார்.

இனி எதிலிருந்து கேட்பது. 1965 மாஸ்கோ கச்சேரியில் வாசித்த கிளிங்காவின் 'ருஸ்லானும் லுத்மிலாவும்' முன்னிசையை முதலில் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த வேகத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுவதைக் கவனித்தால், மேலே ஒத்திகை பற்றி நான் சொன்னதெல்லாம் விளங்கிவிடும். அடுத்து 1960-ன் சாய்கோவ்ஸ்கி நான்காவது, கடைசிப் பகுதி. அதற்குப் பிறகு அதே வரிசையின் ஆறாவதை முழுதாக, இடையில் நிறுத்தாமல்.

ஷோஸ்டகோவிச்சுக்கு ஐந்தாவதிலிருந்து போங்கள். 1973-ல் படமாக்கிய நிகழ்ச்சி இணையத்தில் கிடைக்கிறது, அவர் கைகளையும் பார்க்கலாம். முடிவைக் கவனியுங்கள். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1959 பதிவில் அந்த முடிவைப் பறக்கும் வேகத்தில் வெற்றி முழக்கமாக வாசிப்பார். மிராவின்ஸ்கி கனமாக, மெதுவாக நடத்துவார். தந்திக் கருவிகள் ஒரே ஸ்வரத்தை விடாமல் திரும்பத் திரும்ப அடிக்கும். அது மகிழ்ச்சியா, மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லிக் கொடுக்கும் அடியா என்று இன்றுவரை வாக்குவாதம் நடக்கிறது. இசைப்பிரதியில் அச்சான வேகக் குறிப்பைப் பற்றியும் சண்டை உண்டு. எழுதியவரோடு பியானோ அருகே உட்கார்ந்து வேகங்களைக் குறித்துக்கொண்டவர் இவர்தான் என்பதால் நான் இவர் பக்கம்.

எட்டாவதுக்கு 1982 பதிவு மிக உக்கிரமானது. அதில் ஒரு எச்சரிக்கை: ஃபிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட குறுந்தகடு தவறான வேகத்தில் மாற்றப்பட்டுவிட்டது, சுருதி மேலே ஏறியிருக்கும். பிற்பாடு திருத்தி வந்த வெளியீடுகள் உள்ளன, அவற்றைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் 1960 லண்டன் பதிவு போதும். ஒலி பழையதுதான், வாசிப்பு பழையதாகவில்லை. மூன்றாம் பகுதியில் வயோலாக்கள் ஒரே தாளத்தில் இயந்திரம் மாதிரி இடித்துக்கொண்டே போவதையும், அது வெடித்து நான்காம் பகுதியில் அப்படியே உறைந்துபோவதையும் கேளுங்கள்.

பதிவுகளில் பெரும்பாலானவை கச்சேரியில் நேரடியாக எடுத்தவை. 1961-க்குப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் கிட்டத்தட்டப் போகவே இல்லை. அதனால் லெனின்கிராடின் குளிர்காலத்து இருமல்கள் தாராளமாகக் கேட்கும். சில நாள் கேட்டால் அது பழகிவிடும். ஹெட்ஃபோனில் கேட்பதாக இருந்தால் ஒலியளவைத் தொடக்கத்தில் கூட்டி வைக்காதீர்கள். அவருடைய மென்மையான இடங்கள் மிக மென்மை. அதை நம்பிக் கூட்டி வைத்தால் டிரம்பெட்டுகள் வரும்போது காது தாங்காது.

ப்ராம்ஸின் நான்காவதை விட்டுவிட வேண்டாம். 1973-ல் எடுத்த பதிவு இருக்கிறது. ரஷ்ய இசைக்கு மட்டுமே அவர் என்று நினைப்பவர்களுக்கு அதுதான் பதில். ப்ரூக்னர் ஒன்பதாவதை அதற்கப்புறம், இந்த மனிதரின் வேகத்துக்குக் காது பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.